பள்ளத்தின் உடைமையாளர்

முதுகு வலி உள்ளவர்கள் ஒரு தலையணையைச் சாய்மானமாக வைத்துக்கொண்டு கேளுங்கள். இது மெத்தைகளைப் பற்றிய கதை. ஆனால் கதையில் பாதி தூரத்துக்கு படுக்கவேண்டியவருக்கு மெத்தையில் படுக்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் கஷ்டத்தை நீங்களும் சேர்ந்து படவேண்டாம்.

ஒரு தெருவில் ஒருவர் மெத்தை விற்றார். வீட்டின் முன்னறைதான் கடை. தெரு அவரை மெத்தைக்காரர் என்றது. அவரும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தன்னைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருப்பது எத்தனை பெரிய பிழை என்பது பின்னால்தான் அவருக்குப் புரிந்தது.

அவர் விற்றது சாதாரண மெத்தை அல்ல. படுத்தவர் உடம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும் மெத்தை. சற்று நேரம் அசையாமல் படுத்தால் தோளுக்கு ஒரு குழி, இடுப்புக்கு ஒரு குழி என்று அவரவர் அளவில் பள்ளம் விழும். விழுந்தது நிமிராது. நிமிராததை, மெத்தை செய்யும் நிறுவனம் தன் பெருமை என்று விளம்பரத்தில் போட்டது. வாங்கியவர்கள் அதையே புகாராக எழுதிப் போட்டார்கள். பள்ளம் என்னவோ ஒன்றுதான்.

கடையில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்கவேண்டும்.

"படுங்க, அவசரமில்ல. கண்ண மூடிக்குங்க. வாடகை, மாமியார் எல்லாத்தையும் வெளிய விட்டுட்டுப் படுங்க."

சிலர் அப்படியே தூங்கிவிடுவார்கள். அவர் எழுப்பமாட்டார். அவர்களாக எழுந்ததும் பள்ளத்தைக் காட்டுவார். "பாத்தீங்களா, உங்க பள்ளம் விழுந்துடுச்சு. இனிமே இது உங்க மெத்தை. வேற எந்த முதுகுக்கும் ஒட்டாது." இதற்கு மேல் அவர் வியாபாரம் பேசியதில்லை. பேசாமலே விற்றது.

நிறுவனத்துக்கும் அவருக்கும் உள்ள உறவுதான் சற்று வழவழப்பானது. ஒருமுறை, வந்த மெத்தையில் ஒன்று ஓரம் கிழிந்திருந்தது. தொலைபேசியில் சொன்னார். நிறுவனத்தின் சட்ட அதிகாரி பேசினார். தேனில் ஊறிய குரல்.

"நீங்க விநியோகஸ்தர். சரக்க எங்ககிட்ட வாங்கறீங்க, உங்க பேர்ல விக்கறீங்க. வாங்கின நிமிஷமே அது உங்க பொருள். உங்க பொருள் கிழிஞ்சதுல எங்களுக்கு வருத்தம் உண்டு. பொறுப்பு கிடையாது."

அடுத்த வாரம், பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவுக்காக விலையைக் கொஞ்சம் குறைத்தார். எப்படியோ அது நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. மறுபடி அதே தேன்.

"நீங்க எங்க முகவர். எங்களுக்காக, எங்க பேர்ல விக்கறவர். பொருள் எங்களுது. அடுத்தவங்க பொருளுக்கு விலை வைக்க நீங்க யாரு?"

"போன வாரம் விநியோகஸ்தர்னீங்களே சார்."

"போன வாரம் கிழிஞ்சிருந்தது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும். இவர், "சரிங்க சார்" என்றார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றது. இனிமேல் கைபேசியிலேயே மெத்தை விற்கப்போவதாக நிறுவனம் முடிவு செய்தது. கைபேசியில் எப்படிப் படுத்துப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. உறவை முறித்துக்கொள்வதற்கு முன்பு, கிடங்கில் தேங்கியிருந்ததை எல்லாம் ஒரு லாரியில் ஏற்றி மெத்தைக்காரர் வீட்டில் இறக்கினார்கள். முன்னறை நிரம்பியது. மிச்சம் அவருடைய அப்பாவின் அறையில், விட்டம் தொட, ஜன்னல் மறைய அடுக்கப்பட்டது. அப்பா அப்போது மருத்துவமனையில் இருந்தார். லாரி போன பிறகு, "இன்றோடு நமக்குள் ஒன்றும் இல்லை" என்று செய்தி வந்தது.

மெத்தைக்காரர் தொலைபேசியை எடுத்தார்.

"ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷம் சார். உங்க மெத்தைய எடுத்துட்டுப் போயிடுங்க."

"அது எப்படி எங்க மெத்தை? நீங்க விநியோகஸ்தர். சரக்கு உங்களுது. திருப்பி எடுக்க எங்களுக்கு உரிமையே இல்ல."

"அப்ப நான் கேக்கறவங்களுக்குக் கிடைச்ச விலைக்குக் குடுத்துடறேன்."

"அது எப்படிக் குடுப்பீங்க? முகவருக்கு விலை வைக்க உரிமை இல்ல."

"அப்ப முகவர்னா, திடீர்னு வெட்டி விட்டதுக்கு ஏதாவது ஈடு குடுக்கணும்னு சொல்றாங்களே?"

"நீங்க விநியோகஸ்தர்னு இப்பதானே சொன்னேன்" என்றது தேன். மெத்தைக்காரர் தொலைபேசியைப் பார்த்தார். அது ஒன்றாகத்தான் இருந்தது.

இனி அப்பாவைப் பற்றி. அவர் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கை தேய்த்துத் தீர்த்த முதுகு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மிச்சமிருந்ததும் பிசகியது. மருத்துவர் மருமகளைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா தரையிலயோ பலகையிலயோ படுக்க வைக்காதீங்க. நேரா, மெத்துன்னு படுத்திருந்தா மறுபடி நடப்பார். இல்லைன்னா உத்தரவாதம் இல்ல. ஒரு நல்ல மெத்தையா பாத்து வாங்கிடுங்கம்மா."

மருமகள் சிரித்துவிட்டாள். மருத்துவர் அவளுக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

யாராவது ஒரு பெரியவரிடம் கேட்டால் தீர்ந்துவிடும் என்று மெத்தைக்காரர் நம்பினார். அப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே ஒரு அலுவலகம் இருந்தது: முகவர் – விநியோகஸ்தர் வேறுபாட்டு ஆணையம். அங்கே போனதுதான் அவர் செய்த தவறு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

ஆணையத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றின் மேல் 'முகவர்கள்' என்றும் இன்னொன்றின் மேல் 'விநியோகஸ்தர்கள்' என்றும் எழுதியிருந்தது. மெத்தைக்காரர் முதல் வாசலில் காலை வைத்தார்.

"நில்லுங்க" என்றார் காவலர். "இதுல நுழைஞ்சா முகவர்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

மற்ற வாசலுக்குப் போனார்.

"இதுல நுழைஞ்சா விநியோகஸ்தர்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் எதுக்கு விசாரணை?"

"நான் எதுன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்படி வர்றவங்களுக்கு ஜன்னல் இருக்கு."

இரண்டு வாசல்களுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வெளியே, வெயிலில், தெரியாமல் வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே இரண்டு குடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. முகவர் குடத்தில் தண்ணீர் இலவசம். ஆனால் குடிப்பவருடைய தாகம் வேறொருவருடையதாக இருக்கவேண்டும். விநியோகஸ்தர் குடத்தில் அப்படி நிபந்தனை இல்லை. குடத்தை முதலில் விலைக்கு வாங்கிவிடவேண்டும், அவ்வளவுதான். ஜன்னலில் நிற்பவர்களுக்கு எது பொருந்தும் என்பது ஆலோசனையில் இருந்தது. முன்னால் நின்ற குடை விற்கும் அம்மாள், குடை விரிக்காமல் நின்றாள்.

"விரிச்சுக்கலாமேம்மா" என்றார் மெத்தைக்காரர்.

"யார் குடைன்னு தெரியாம எப்படிப்பா விரிக்கறது?"

கடைசியில் ஆணையத் தலைவர் ஜன்னலோரம் வந்தார். மரநாற்காலியிலேயே காலம் கழித்தவர். நிற்கும்போதும் ஒரு கை இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. மெத்தைக்காரர் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு ஆற்றிய உரையை அப்படியே சொல்கிறேன்; என் சரக்கு அதில் எதுவும் இல்லை.

"கவலைப்படாதீர்கள். இந்த ஆணையத்தின் தீர்ப்பால் இன்றுவரை ஒருவர்கூட பாதிக்கப்பட்டதில்லை. ஏனென்றால் இன்றுவரை நாங்கள் தீர்ப்பு வழங்கியதில்லை. அவசரப்பட்டு ஒரு பக்கம் சொன்னால் மறுபக்கத்துக்கு அநீதி. இரண்டு பக்கமும் சொல்லாமல் இருந்தால் நீதி சமமாக இருக்கிறது. முடிவு தெரியும்வரை, சர்ச்சைக்குரிய பொருளுக்கு முத்திரை வைப்பது மட்டுமே நாங்கள் செய்வது. முத்திரை வைப்பதில் எங்களுக்கு இணை யாரும் இல்லை."

அதை அவர் சும்மா சொல்லவில்லை. மறுநாளே ஆய்வாளர் ஒருவர் வந்து ஒவ்வொரு மெத்தையின் உறை மேலும் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார். 'இதை விற்கவோ, வாங்கவோ, பிரிக்கவோ கூடாது.' அன்று மாலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சமையலறைக்குப் போகும் வழியில், ஒரு மரப்பெஞ்சில், போர்வைகளை மடித்துப் போட்டுப் படுக்கவைத்தார்கள்.

அப்பா விட்டம் வரை அடுக்கியிருந்த மெத்தைகளைத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"டேய், நாம மெத்தைதானே விக்கறோம்?"

"அதத்தான்பா விசாரிச்சிக்கிட்டிருக்காங்க."

அப்பாவின் முனகல் வீட்டை நிறைத்தது. சட்டியை இறக்கும்போதும் ஏற்றும்போதும் மருமகள் அவரைத் தாண்டித்தான் போனாள். ஒவ்வொரு தடவையும், "மாமா, கால மடக்குங்க" என்பாள். மடக்க முடியவில்லை என்று அவர் சொல்லமாட்டார். "பிரேக் பிடிக்கலம்மா" என்பார்.

ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவர் கொண்டுவந்தது கவலைப் பரிசோதனை. பொருளுக்கு ஆபத்து வந்தால் யார் நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ, பொருள் அவருடையது; இது ஆணையத்தின் கொள்கை. மெத்தைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி கேட்டார்.

"மழை கொட்டுதுன்னு வச்சுக்குங்க. கூரை ஒழுகுது. மெத்தை எல்லாம் நனையுது. உங்க மனசு என்ன சொல்லுது?"

"அப்பாவ எங்க நகர்த்தறதுன்னு சொல்லுது."

"அப்பா இந்த வழக்குல சம்பந்தப்பட்ட பொருள் இல்ல. மெத்தைய நினைங்க."

மெத்தைக்காரர் முயன்றார்.

"சரி, தீப்பிடிக்குது. மெத்தை எரியுது."

"அப்பா பெஞ்சுலருந்து எந்திரிக்க முடியாதே சார்."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, "கவலை தாராளமாக இருக்கிறது, ஆனால் திசை தவறியிருக்கிறது" என்று பதிவு செய்துகொண்டார். உள்ளே இருந்து மெத்தைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் சோதனைய அந்தக் கம்பெனிக்கும் பண்ணுனீங்களா?"

"பண்ணினோம்மா. அவங்களுக்கு நாடியே கிடைக்கல."

ஆய்வாளர் போனதும் அவள் சிவப்புத் தாளின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒருமுறை படித்தாள். விரல் வைத்து இன்னொருமுறை படித்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. விக்கக் கூடாது, வாங்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. படுக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அது சொல்லாமலே..."

"சொல்லாமலே செய்யறதுக்கு இதென்ன நம்ம வீட்டு வேலையா? இது சர்க்கார் வேலை. சொன்னது மட்டும்தான். அந்தப் பக்கம் பிடிங்க."

உறை பிரிக்காமல், தாள் கிழியாமல், ஓரத்து மெத்தை ஒன்றை இழுத்துப் பெஞ்சின் மேல் போட்டார்கள். அப்பாவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். உறை சரசரவென்றது. அப்பா கண்ணை மூடினார். வீட்டில் முனகல் நின்றது. அவள் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்; கொஞ்சம் அதிக நேரம் கழுவினாள்.

சில நாட்களில் அப்பாவின் இடது கால் மடங்கியது. "பிரேக் பிடிக்குதும்மா" என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நல்லது நடந்தால் உடனே புகார் போகும். நிறுவனத்துக்குச் செய்தி எட்டி, ஆணையத்தில் அவசர விசாரணை வைத்தார்கள். சட்ட அதிகாரி நேரில் வந்தார். அவர் எந்த வாசல் வழியாகவும் நுழையலாம். இரண்டிலும் மாறி மாறி நுழைந்து வந்து உட்கார்ந்தார். மெத்தைக்காரரும் மனைவியும் ஜன்னலில் நின்றார்கள்.

"எங்க மெத்தைல ஒரு கிழவர் படுத்திருக்கார்" என்று தொடங்கினார் சட்ட அதிகாரி. "இது அத்துமீறல். மெத்தைய உடனே அவருக்குக் கீழருந்து எடுக்க உத்தரவு வேணும்."

தலைவர் நிமிர முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் மெத்தை உங்களுடையது என்கிறீர்கள். அவர் உங்கள் முகவர் என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

சட்ட அதிகாரி சட்டென்று பின்வாங்கினார். "எங்களுதுன்னு நான் சொல்லல. எங்களுது இல்லைன்னும் சொல்லல. எங்களுதா இருந்தா எங்களுக்குக் கோவம் வரும், அந்தக் கோவத்த மட்டும் பதிவு பண்றோம். அவர நாங்க எங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் எப்பவும் நினைச்சிருக்கோம். லாபம் வர்றப்ப எல்லாம் நினைச்சிருக்கோம்."

 அப்பாவின் அடியில் இருந்து மெத்தையை உருவினால் அந்தக் கால் மறுபடி மடங்காமல் போய்விடுமோ என்பது மட்டும்தான் மெத்தைக்காரர் மனதில் ஓடியது. மனைவிக்கு அதுவரை அடக்கிவைத்தது பொங்கிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க? எங்க மாமா படுத்து இவ்ளோ பெரிய பள்ளம் விழுந்து கிடக்கு. நாலு நாள் படுத்ததுக்கே குழி விழற மெத்தைய விக்கறோமேன்னு உங்களுக்கு வெக்கமா இல்லையா? பள்ளத்துக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

இந்த இடத்தில் சட்ட அதிகாரியை நாம் ரொம்பக் கோபிக்கக்கூடாது. பள்ளம் என்று புகார் சொன்ன வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்லிவந்தவர். அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், தட்டினால் திறக்கும் கதவு போல வாய் தானாகத் திறந்துகொள்ளும். திறந்தது.

"பள்ளத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பள்ளம் என்பது படுத்தவர் தன் சொந்த உடம்பால் உண்டாக்கியது. எனவே அது முழுக்க முழுக்கப் படுத்தவரின் தனிச் சொத்து. அதில் நிறுவனத்துக்கு இன்றும் என்றும் எந்தப் பங்கும் இல்லை. நன்றி. வணக்கம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. "சரிங்க, பள்ளம் எங்க மாமாவோடது, ஒத்துக்கறோம்" என்றாள் மனைவி உடனே.

தலைவரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் அவர் முன் வந்ததே இல்லை. ஆணையத்தின் முதல் தீர்ப்பைச் சொன்னார்.

"மெத்தை யாருடையது, இவர் முகவரா, விநியோகஸ்தரா என்ற கேள்விகள் நிலுவையில் இருக்கும். ஆனால் பள்ளம் படுத்தவருடையது. நிறுவனம் மெத்தையை எடுத்துச் செல்லலாம். பள்ளத்தை இருந்த இடத்திலேயே, சேதமில்லாமல் விட்டுச் செல்லவேண்டும். பள்ளத்தின் உடைமையாளர் அதை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்."

அன்று மதியமே நிறுவனத்தின் லாரி வந்தது. சுமையாட்கள் அப்பாவைச் சுற்றி நின்று யோசித்தார்கள். ஒருவர் வெளியே போய்ச் சட்ட அதிகாரிக்குத் தொலைபேசினார். தெருவே கேட்டது.

"எடுத்துடலாம் சார். பள்ளத்த எங்க சார் இறக்கி வைக்கிறது?"

பதில் என்ன வந்ததோ, அவர்கள் காலி லாரியோடு போய்விட்டார்கள். மற்ற மெத்தைகளுக்கு மறுநாள் வருவதாகச் சொன்னார்கள்.

மதிலோரம் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரக்கா உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. நான் ஒரு மெத்தைல படுத்தா, என் பள்ளம் என்னுதா?"

"அப்படித்தான்கா சொல்லியிருக்காங்க."

"என் பள்ளத்த என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?"

"எங்க வேணா போலாமாம்."

"அது போனா மெத்தையும் கூடவே வருமே?"

மெத்தைக்காரர் யோசித்தார். "வந்தா நாம என்னக்கா பண்ண முடியும்?"

அக்கா செருப்பைக் கழற்றினாள்.

அன்று அந்தத் தெருவில் வேறு வேலை நடக்கவில்லை. காய்கறிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து படுத்தார். தபால்காரர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். குடை விற்கும் அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்து, குடையையும் பக்கத்தில் படுக்கவைத்தாள். அதற்கும் நீளமாக ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. குறட்டை விடுகிறவர்களை மெத்தைக்காரர் வழக்கம்போல எழுப்பவில்லை. எழுந்தவர்களிடம் வழக்கம்போல, "இனிமே இது உங்க மெத்தை" என்று சொல்ல வாயெடுத்து, திருத்திக்கொண்டு, "இது உங்க பள்ளம்" என்றார். சிவப்புத் தாள் கிழியாமல் அவரவர் பள்ளம் அவரவர் வீட்டுக்குப் போனது. யாரும் விலை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படுக்க இடம் கொடுத்ததற்கு என்று சொல்லி, முடிந்ததை அவர் மனைவியின் கையில் வைத்துப் போனார்கள்.

மறுநாள் லாரி வருவதற்குமுன் ஆணையத் தலைவரே வந்துவிட்டார். தீர்ப்பு ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று நேரடி ஆய்வு. அறையில் இன்னும் ஒரே ஒரு மெத்தை பள்ளமில்லாமல் இருந்தது.

"சோதித்துப் பார்க்கவேண்டும்" என்றார் தலைவர்.

"படுங்க சார். அவசரமில்ல" என்றார் மெத்தைக்காரர்.

தலைவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டே படுத்தார். இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் காற்றில் வைத்திருந்தார். பிறகு தூங்கிவிட்டார். வெளியே வந்து நின்ற லாரி, ஆணையத்தின் வண்டியைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பியது. மாலையில் தலைவர் எழுந்து, தன் பள்ளத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநரைக் கூப்பிட்டு அதை வண்டியின் மேல் கட்டச் சொன்னார்.

"சார், நான் முகவரா, விநியோகஸ்தரா?" என்று மெத்தைக்காரர் வாசல்வரை வந்து கேட்டார்.

"அது ஆலோசனையில் இருக்கிறது" என்றார் தலைவர். அன்று முதல்முறையாக நேராக நின்று சொன்னார்.

முன்னறை காலியானது. அப்பாவின் அறையில் மறைந்திருந்த ஜன்னல் திறந்தது. அப்பா படுத்திருந்த மெத்தையை அதன் பக்கத்தில் போட்டு, மகனும் மருமகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, பெஞ்சிலிருந்து ஜன்னல்வரை அப்பா நடந்தே வந்தார். உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்து, தன் குழிகளில் தோளையும் இடுப்பையும் பொருத்திக்கொண்டார்.

"டேய், கடைசில இது யாருதுன்னுதான் சொன்னாங்க?"

"மெத்தை யாருதுன்னு இன்னும் தெரியலப்பா. பள்ளம் உங்களுது."

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப சரி. நான் பள்ளத்துல மட்டும் படுத்துக்கறேன். மெத்தை அது பாட்டுக்கு இருக்கட்டும், யாராவது வந்து கேட்டா குடுத்துடலாம்."

மருமகள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டு, சட்டியை இறக்கப் போனாள். போகும்போது யாரையும் கால் மடக்கச் சொல்லவேண்டி இருக்கவில்லை.